தோண்டுவதற்கு முன் ஓர் இரவு

நேயர்களுக்கு வணக்கம். மண்ணுக்குள் புதைந்த குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். குடிநீர்க் குழாய்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் நான் எல்லோரிடமும் சொல்லிவரும் சொல் ஒன்றுதான்: தோண்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

கீழே சம்ப், மாடியில் மேல்நிலைத் தொட்டி, இரண்டுக்கும் நடுவே மோட்டார் என்று அமைந்த வீடுகளில் கசிவு முதலில் மோட்டாரில்தான் தெரியும். நாளுக்கு ஒரு முறை போட்ட மோட்டாரை மூன்று முறை போட வேண்டியிருக்கும், மின்கட்டணம் ஏறும். சித்திரை வெயிலில் முற்றமெல்லாம் காய்ந்து கிடக்க, ஒரு மூலையில் மட்டும் பொன்னாங்கண்ணி தழைத்து நிற்கும்.

தாம்பரத்தில் இருக்கும் என் அக்காள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஈரம் தெரிந்த இடத்தைப் பார்த்துவிட்டு, வாசல் தரை முழுவதையும் பெயர்க்க வேண்டும் என்று குழாய் வேலைக்கு வந்தவர் சொல்லிவிட்டார். "தம்பி, நீ ஒரு தடவை வந்து பார்த்துவிடு, அதற்குப் பிறகு உடைக்கச் சொல்கிறேன்" என்று அக்காள் தொலைபேசியில் சொன்னார். நான் போய், முதலில் கழிவறை ஃப்ளஷ் தொட்டியில் சிறிது கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டேன். அரைமணி நேரத்தில் பீங்கானில் நிறம் இறங்கினால், கசிவு அங்கேயே இருக்கிறது, மண்ணைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நிறம் இறங்கவில்லை.

இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள குழாய்களையெல்லாம் மூடச் சொல்லி, மேல்நிலைத் தொட்டியின் உட்சுவரிலும் சம்பின் உட்சுவரிலும் நீர்மட்டத்தில் கரிக்கோடு போட்டேன். காலை ஆறு மணிக்குச் சம்பில் கோடு நனைந்தபடியே இருந்தது. மேல்தொட்டியில் தண்ணீர் 12 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஒன்றரை மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள அந்தத் தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 18 லிட்டர் என்பதால், எட்டு மணி நேரத்தில் 216 லிட்டர் மண்ணுக்குள் போயிருந்தது. மறுநாள் இரவு, தோட்டத்துக்குப் பிரியும் கிளையிலுள்ள கேட் வால்வை மட்டும் மூடிவைத்தோம். காலையில் கோடு அசையவில்லை. தேட வேண்டிய இடம் வீடு முழுவதிலிருந்து இருபதடிக் குழாயாகச் சுருங்கிவிட்டது.

அடுத்த இரவு, தெருவில் வண்டிச் சத்தம் அடங்கிய பின், வால்வைத் திறந்துவிட்டு, கடப்பாரையின் ஒரு முனையைக் குழாய் போகும் வழியில் இரண்டடிக்கு ஓரிடமாக ஊன்றி, மறுமுனையில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே போனேன். பவழமல்லிச் செடியருகே, குக்கரில் ஆவி கிளம்பும்போது வருவதுபோல மெல்லிய 'உஸ்' ஒலி கேட்டது. ஈரம் தெரிந்த இடமோ அங்கிருந்து பத்தடி தள்ளி, வாசல் பக்கம். கசியும் தண்ணீர் சரிவு பார்த்து மண்ணுக்குள் ஓடி, வழி கிடைத்த இடத்தில் தலைகாட்டும். ஆகையால் ஈரத்தை மட்டும் நம்பித் தரையை உடைக்காதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். ஒன்றரை அடி தோண்டியதும், ஒரு செங்கல் துண்டின் கூர்முனையில் அழுந்திக் கிடந்த அரை அங்குல பிவிசி குழாயும், அதில் தலைமுடி போன்ற ஒரு விரிசலும் தெரிந்தன.

விரிசலின் மேல் பசை பூசித் துணி சுற்றுவதால் பயனில்லை. குழாய் சற்றே வளைந்து கொடுக்கும்படி நீளமாகக் குழி எடுத்து, விரிசல் பகுதியை அறுத்து நீக்கி, இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து உலர்த்தி, கப்ளர் எனப்படும் இணைப்புக் குழல்கள் இரண்டால் புதுத் துண்டைச் சேர்த்து ஒட்ட வேண்டும். பிவிசி குழாயை ஒட்டும் சால்வென்ட் பசை ஈரத்தில் பிடிக்காது. சொட்டு நிற்காவிட்டால் குழாய்க்குள் சிறிது ரொட்டியைத் திணித்துக்கொண்டு ஒட்டுவார்கள், அது பின்னர் ஊறிக் கரைந்து வந்துவிடும். குழியை உடனே மூடாமல், ஓர் இரவு கரிக்கோடு பார்த்தபின், குழாயின் அடியிலும் மேலும் கல்லில்லாத மணலைப் பரப்பி மூடுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். தெருக்குழாயிலிருந்து சம்புக்கு வரும் இணைப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் விடும் நேரம் முடிந்ததும் அந்தக் குழாயில் அழுத்தம் குறைந்து, கசிவு வழியே சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படலாம். தண்ணீர் விட்டவுடன் கலங்கலாகவோ வாடையோடோ வந்தால், அதைச் சம்பில் விடாமல், குடிக்கவும் பயன்படுத்தாமல், அன்றைக்கே குடிநீர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். வணக்கம்.