யோசிக்காதீங்க என்று சொல்லாதீங்க

அன்பான நேயர்களே, வணக்கம். இந்த நேரத்தில் சில பேர் மலையிலிருந்து வந்து இப்போதுதான் காலைக் கழுவியிருப்பீர்கள், சில பேர் அடுப்படியில் நிற்பீர்கள். வேலையை விடவேண்டாம், செய்துகொண்டே கேளுங்கள். ஒரேயொரு உதவி மட்டும். பேனை ஒன்றைக் கிட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஓர் இலக்கம் சொல்வேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவள். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் மாணவர் ஆலோசனைக்குப் பொறுப்பாக இருந்தேன். பிள்ளைகளோடு பேச உட்கார்ந்தால் அம்மாமாரும் வந்துவிடுவார்கள். வந்ததும் சொல்லும் முதல் சொல் ஒன்றுதான்: "ஒரே யோசனையா இருக்கு டீச்சர்."

கவனித்தீர்களா, நம்ம ஊரில் யோசனை என்றால் சிந்திப்பது மட்டுமில்லை, கவலைப்படுவதும் யோசனைதான். யாழ்ப்பாணத்துப் பக்கம் பதகளிப்பு என்பார்கள், ஆஸ்பத்திரிக் கடுதாசியிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். நமக்கு யோசனை, படபடப்பு, நெஞ்சுக்குள்ளே ஒரு மாதிரி. கொழும்புக்கு வேலைக்குப் போன மகன் மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை. சம்பளத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே கடைக் கொப்பி நிரம்பிவிட்டது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம். அப்போது பக்கத்துக் காம்பராக்காரர் ஒருவர் வந்து என்ன சொல்வார்? "யோசிக்காதீங்க."

யோசிக்காதீங்க என்று சொன்னதால் யோசனையை விட்ட ஓர் ஆளை எனக்குக் காட்டுங்கள். நான் இன்னும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் இதை நான் நாள் முழுக்கச் சொல்கிறேன் என்று குறை சொல்வார். இருக்கட்டும், இன்றைக்கும் சொல்கிறேன்.

ஏன் நிற்காது? கொழுந்து எடுக்கும்போது அடுத்த நிரையில் செடி சலசலக்கிறது. சிறுத்தையா, முயலா, காற்றா, தெரியாது. தெரிவதற்கு முன்னாலேயே நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். வாய் காய்ந்துவிடும், வயிற்றைக் கலக்கும், கை குளிர்ந்துவிடும். இது நோயில்லை. ஓடு, இல்லாவிட்டால் எதிர்த்து நில் என்று உடம்பு தயாராகிறது. வால்ட்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915ஆம் ஆண்டிலேயே இதைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது, இதயம் வேகமாக அடித்துக் கால் கைத் தசைக்கு இரத்தத்தை அனுப்புகிறது. சிறுத்தைக்கு இது சரி. ஆனால் அடகுக்கடைத் துண்டைப் பார்த்தாலும் உடம்பு இதையேதான் செய்கிறது. துண்டிடமிருந்து எங்கே ஓடுவது? ஓட இடமில்லாமல் அந்த வேகம் உள்ளேயே நின்று சுற்றுகிறது.

இப்போது என் கதை ஒன்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1980களின் கடைசி. தலவாக்கலைப் பக்கம் எனக்குப் பாடசாலை, வீடு ஹட்டனில். வெள்ளிக்கிழமை வருவேன், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோச்சியில் திரும்பிப் போவேன். ஹட்டனை விட்டால் கொட்டகலைக்கு முன்னால் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. உங்களில் அநேகம் பேர் போயிருப்பீர்கள். பெட்டிக்குள் லைட் எரியாது, டீசல் புகை யன்னலால் வரும், பொடியன்மார் எல்லாரும் சேர்ந்து ஊ... என்று கத்துவார்கள்.

ஒரு ஞாயிறு கோச்சி சுரங்கத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் நின்றிருக்கும், பத்து என்று யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். மூச்சு முட்டியது. விரல் நுனியும் உதடும் விறைத்தன. தலை லேசாகிச் சுற்றியது. நெஞ்சடைப்பு, இத்தோடு முடிந்தேன் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த மணம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம். நான் சாகிறேன், இவர் தோடம்பழம் உரிக்கிறார் என்று கோபம்கூட வந்தது.

அடுத்த ஞாயிறு ஹட்டன் ஸ்டேஷன் படியிலேயே வயிற்றைக் கலக்கியது. சரி, பஸ்ஸில் போவோம் என்று திரும்பினேன். திரும்பிய உடனே எவ்வளவு நிம்மதி தெரியுமா! அந்த நிம்மதிதான் என்னைப் பிடித்த பொறி. மூன்று மாதத்தில் சனம் நிறைந்த பஸ்ஸிலும் அதே படபடப்பு. அப்புறம் கோயில் கூட்டத்தில். அப்புறம் பாடசாலைக் காலைக் கூட்டத்தில். விலகினால் பயம் சின்னதாகும் என்று நினைத்தேன், அது ஒவ்வோர் இடமாகப் பிடித்துக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு ஈசீஜீ எடுத்துப் பார்த்து "ஒன்னும் இல்ல" என்றார்கள். சந்தோஷப்படுவதா, அழுவதா? என் அத்தை பூசாரியிடம் கூட்டிப்போய் நூல் கட்டினார். அதை நான் கேலி செய்யமாட்டேன். அன்றிரவு முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவர் அவர்தான்.

பிறகு ஒரு மழைக்காலம், றோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை. கோச்சியை விட்டால் வழியில்லை. ஏறினால் உள்ளே என் ஒன்பதாம் வகுப்புப் பொடியன்மார் நாலைந்து பேர். சுரங்கம் வருகிறது, நான் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். ஒருவன் பார்த்துவிட்டான். "நீங்களும் கத்துங்க டீச்சர், பயமா இருக்காது." டீச்சர் கோச்சியில் கத்துவதா? ஆனால் இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது! கத்தினேன். ஊ... என்று மூச்சு தீரும்வரை, திரும்பவும் மூச்சை எடுத்து ஊ... வெளிச்சம் வந்தபோது அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அன்றோடு பயம் போய்விட்டது என்றால் பொய். அடுத்த வாரமும் உதறியது. ஆனாலும் ஏறினேன். ஆறேழு ஞாயிறு போனபிறகு ஒருநாள் சுரங்கம் எப்போது கடந்தது என்றே தெரியவில்லை, பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வருடங்கள் கழித்து ஆலோசனைப் பயிற்சிக்குப் போனபோதுதான் விளங்கியது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்துவிடுகிறது. விரல் விறைப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். மூச்சை நீளமாக வெளியே விட்டால் இதயம் மெல்ல இறங்கிவரும். நாங்கள் கத்திய ஊ... நீளமான வெளிமூச்சுத்தான். நீங்கள் கத்தவேண்டியதில்லை. நாலு எண்ணி உள்ளே இழுங்கள், ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், சுடுசோற்றை ஊதுகிற மாதிரி. படபடப்பு வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். ஓடாமல் நின்றால் அது இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஓடினால் ஒருநாளும் பார்க்கமாட்டீர்கள்.

ஆனால் எல்லாப் பயத்துக்கும் நின்றுகொண்டிருக்கச் சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயன் வீடுகளை மூடியது. அதற்குப் பிறகு மழை இரவில் தூங்காத தாய்மார் எத்தனை பேரோடு பேசியிருப்பேன்! அவர்களிடம் யோசிக்காதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது யோசிக்கவேண்டிய விஷயம். அதனால் பகலில் யோசியுங்கள். வீட்டுக்குப் பின்னால் நிலத்தில் வெடிப்பு இருக்கிறதா, சுவர் பிளந்திருக்கிறதா, ஊற்று நீர் திடீரென்று கலங்கி வருகிறதா பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று கட்டமாக அறிவிக்கும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேறவேண்டும். எங்கே போவது, யார் பாட்டியைத் தூக்குவது, அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் எந்தப் பையில் என்று பகலிலேயே பேசிவைத்துவிட்டால், இரவு யோசனைக்குக் கொஞ்சம் வேலை குறையும்.

அப்புறம் தேத்தண்ணி. இதைச் சொன்னால் நம்ம ஆட்களுக்குக் கோபம் வரும். ஒரு கோப்பையில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. கடும் சாயம் என்றால் கூடவும் இருக்கும். படபடப்பு உள்ளவர் ராத்திரி எட்டு மணிக்குக் கடும் சாயம் குடித்துவிட்டு நெஞ்சு அடிக்குது என்றால் நான் என்ன செய்ய? உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற நாம் பின்னேரத்தோடு நிறுத்தவேண்டும் என்பது...

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். பிள்ளைகளின் பரீட்சைப் பயம் பற்றித் தனியாகச் சொல்ல ஒரு தாள் எழுதி வந்தேன், அதை மடித்து வைக்கிறேன்.

வேகமாகச் சொல்கிறேன். யோசனை மாதக்கணக்கில் தொடர்ந்து, தூக்கம் கெட்டு, வேலைக்கும் போகமுடியவில்லை என்றால் வைத்தியரைப் பாருங்கள். முதலில் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். இரத்தசோகையும் தைரொயிட்டும் இதே மாதிரி நெஞ்சை அடிக்கவைக்கும். தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தசோகை அதிகம், தெரியும்தானே. பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போனால் பைத்தியம் என்று அர்த்தமில்லை. மருந்து தந்தால் சில கிழமை கழித்துத்தான் பலன் தெரியும், இடையில் நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டார் தரும் தூக்க மாத்திரை வேண்டாம், பழகிவிடும். சாராயமும் அப்படித்தான், குடிக்கிற ராத்திரி அடங்கும், விடியக்காலை இரட்டிப்பாகத் திரும்பும்.

தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். பேனை தேடப் போனவர்களுக்காக இன்னொரு தடவை: ஒன்று, ஒன்பது, இரண்டு, ஆறு. வணக்கம்.