நோய் காட்டாத விலங்கு

நேயர்களுக்கு வணக்கம். பன்றிப் பண்ணையில் திடீரென்று விலங்குகள் செத்து விழுந்தால், "என்ன ஊசி போடலாம், டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கால்நடை மருத்துவனான எனக்கு வேறொரு கேள்விதான் முதலில் வரும். இந்தக் கொட்டிலுக்கு வருவதற்கு முன்னால் இந்த வைரஸ் எந்த உடம்பில் இருந்தது? பல வைரஸ்களுக்கு இப்படி ஒரு விலங்கு உண்டு. அது இருமாது, இரை எடுக்காமல் படுக்காது. வைரஸை மட்டும் சுமந்துகொண்டு நலமாக நடமாடும். அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

நிபா நோயின் கதையை, பேச வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன். இன்றும் சொல்லத்தான் போகிறேன். 1998-இல் மலேசியாவில், ஈப்போ நகரை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. அந்த வைரஸ் கொக்கு போன்ற நீர்ப்பறவைகளிடம் இருக்கும், பன்றியின் உடம்பில் பெருகும், அங்கிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும். ஆகவே கொசுவுக்குப் புகை அடித்தார்கள், ஆட்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே படுத்தவர்களோ வளர்ந்த ஆண்கள், அதிலும் பன்றியைத் தொட்டுத் தூக்கி வேலை செய்தவர்கள். ஒரே கூரையின் கீழ் கொசுக்கடி வாங்கிய மற்றவர்கள் பலர் நலமாக இருந்தார்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. பன்றிகளும் குரைப்பதுபோல உரக்க இருமிக்கொண்டிருந்தன. கொசுவைக் குற்றம் சாட்டிய அத்தனை மாதங்களும் பன்றிகள் லாரி ஏறித் தெற்கே போய்க்கொண்டிருந்தன. நோயும் கூடவே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போனது. அப்புறம் சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் வரைக்கும் போனது.

1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில், ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். சுங்கை நிபா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. மலேசியாவில் மட்டும் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள்.

சரி, அது யாரிடம் இருந்தது? பழந்தின்னி வௌவாலிடம். நோய் தொடங்கியதாகக் கருதப்படும் பண்ணையில் கொட்டில்களை ஒட்டியே மாமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழமும் அதன் எச்சிலும் சிறுநீரும் நேரே பன்றிகள் நிற்கும் இடத்தில் விழ வழி இருந்தது. வௌவாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடனே "வௌவாலை ஒழி" என்று கிளம்புவார்கள். அதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். காட்டு மரங்களின் மகரந்தச் சேர்க்கைக்கும் விதை பரவுவதற்கும் வேண்டிய விலங்கு அது. மாற்ற வேண்டியது மரம் இருக்கும் இடத்தை, கொட்டில் இருக்கும் இடத்தை. நடுவில் இடைவெளி வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், இடைவெளி வேண்டும்.

ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலும் இதே மாதிரிதான். கென்யாவில் வீட்டுப் பன்றிகள் கூட்டமாகச் செத்ததைப் பற்றி 1921-இல் மான்ட்கோமரி என்பவர் எழுதினார். அங்கே வார்ட்ஹாக் என்ற காட்டு விலங்கும், அதன் வளையில் வாழ்ந்து ரத்தம் குடிக்கும் மென்னுண்ணி என்ற ஒருவகை உண்ணியும் இந்த வைரஸைச் சுமக்கின்றன. வார்ட்ஹாக்குக்கு நோய் வெளியே தெரியாது. வீட்டுப் பன்றிக்கு வந்தால் பெரும்பாலும் மரணம்தான். மனிதருக்கு இது தொற்றாது, அந்தப் பயம் வேண்டாம். 2007-இல் ஜார்ஜியா, 2018-இல் சீனா, 2020-இல் இந்தியா என்று பரவியது. அங்கெல்லாம் வார்ட்ஹாக் கிடையாது. ஐரோப்பாவின் காட்டுப்பன்றி இந்த நோயில் செத்துவிடுகிறது, ஆனால் குளிரில் அதன் பிணத்தில் வைரஸ் பல மாதம் இருக்கிறது. இன்னொரு வழி மனிதர்தான். உறைய வைத்த இறைச்சியிலும் சரியாக வேகாத இறைச்சியிலும் வைரஸ் உயிர்ப்போடு இருக்கும். அந்த மிச்சம் தீவனத்தொட்டியில் விழுந்தால் போதும். பன்றிக்கு இறைச்சி மிச்சமே போடாதீர்கள். போட்டே தீர வேண்டிய நிலை என்றால், நன்றாகக் கொதிக்க வைக்காமல் போடாதீர்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். கால்நடைகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோமாரி கண்டு தேறிய மாட்டின் தொண்டையில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம். பன்றியில் அப்படித் தங்குவதில்லை, ஆனால் நோய் இருக்கும்போது மூச்சுக்காற்றில் அளவில்லாமல் வெளியேறும். ஆயஸ்கி என்று இன்னொரு வைரஸ் நோய் உண்டு. அதில் சுமக்கும் விலங்கு பன்றியேதான், சாவது பக்கத்தில் இருக்கும் மாடும் நாயும். ஆகவே மாட்டையும் பன்றியையும் தனித்தனியாகக் கட்டுங்கள், ஒரு கொட்டிலில் போட்ட செருப்போடு இன்னொன்றுக்குள் போகாதீர்கள். தீவன மூட்டைகளை எலி ஏறாத இடத்தில் வையுங்கள். எலி பன்றிக்குக் கொடுக்கும் வைரஸ்களைப் பற்றிப் பேச நேரமில்லை. நன்றி, வணக்கம்.