நீலுக்கு உரிய இடம் அருங்காட்சியகம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கொடுமை செய்தவர்களின் சிலைகள் பொது இடத்தில் நீடிக்கக் கூடாது என்பது எங்கள் அணியின் வாதம்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "நீல் சிலையை அகற்றியதைக் கொண்டாடுகிறவர்கள், வெள்ளையர் போட்ட தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டு நடந்தே ஊர் போவார்களா?" என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

யார் இந்த நீல்? சென்னைப் படைப்பிரிவு ஒன்றின் தளபதியாக 1857 கிளர்ச்சியை ஒடுக்க வடக்கே போனவர். கான்பூரின் பீபிகர் என்ற வீட்டில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்தார்கள். அது கொடுமைதான், மறுக்கவில்லை. அதற்கு நீல் செய்தது என்ன? பிடிபட்டவர்களைத் தூக்கிலிடும் முன், அந்தத் தரையின் இரத்தக் கறையைத் துடைக்க வைத்தார். தயங்கியவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது. ஒருவரை நாவால் நக்கவே வைத்தார்கள். உயிரை எடுப்பது போதாது, சாகும் முன் சமயமும் மானமும் குலைய வேண்டும் என்று எண்ணிச் செய்த செயல் அது, நடுவர் அவர்களே! அதைத் தம் கடிதத்திலும் எழுதி வைத்தார். அந்த மனிதரைத்தான் நம் மவுண்ட் ரோட்டில் பீடம் ஏற்றினார்கள்.

இப்போது தண்டவாளத்துக்கு வருகிறேன். அதே சாலையில், தீவுத்திடல் அருகே, தாமஸ் மன்றோ 1839 முதல் குதிரை மீது அமர்ந்திருக்கிறார். அவரும் வெள்ளையர்தான், கம்பெனியின் ஆளுநர்தான். 1927இல் சுத்தியலும் கோடரியும் ஏந்தி நீல் சிலையை நோக்கிப் போன தொண்டர்கள் மன்றோவைத் தொடவில்லை. இன்றும் அவர் அங்கேயே இருக்கிறார். வெள்ளையர் என்பதற்காக அல்ல, செய்த செயலுக்காகவே நீலை எதிர்த்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மன்றோவையே விட்டுவைத்தவர்களா தண்டவாளத்தைப் பெயர்ப்பார்கள்?

சிலை போனால் வரலாறு போய்விடும் என்றார்கள். 1937இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் அகற்றப்பட்ட நீல் சிலையை யாரும் உருக்கிவிடவில்லை. அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2020இல் மக்கள் துறைமுக நீரில் தள்ளிய அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையும் மீட்கப்பட்டு அருங்காட்சியகத்துக்கே போனது.

1927இல் நீல் சிலைக்கு எதிராக நடந்த அந்தப் போராட்டத்தில் இளைஞர் காமராஜர் ஈடுபட்டார், காந்தியடிகள் ஆதரித்தார் என்பதெல்லாம் நீங்கள் அறிந்தது. என் மனத்தை உலுக்குவது கடலூர் அஞ்சலை அம்மாள். அவர் தனியாக வரவில்லை; தம் சிறுமகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்து வந்தார், இருவரும் சிறை சென்றார்கள். பெற்ற மகளைச் சிறைக்கு அழைத்துப் போகத் துணிய ஒரு தாயின் நெஞ்சு எவ்வளவு கொதித்திருக்க வேண்டும்! அந்தத் தாயிடம் போய், "நீல் அங்கேயே நிற்கட்டும் அம்மா, அது வரலாறு" என்று சொல்ல எதிரணியில் யாருக்கு மனம் வரும்? நடுவர் அவர்களே, அஞ்சலை அம்மாளின் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள்.