ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
(வெள்ளவத்தைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் ஐயா அவர்களே, வங்கித்துறைப் பெரியவர்களே, காலி வீதி நெரிசலில் மழையோடு வந்து சேர்ந்த அன்பர்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்கும் நன்றி. போன வருடமும் இதே பொன்னாடைதான் என்று நினைக்கிறேன், பரவாயில்லை.

பன்னாட்டுக் கம்பனிகள் ஒரு நாட்டுக்கு ஏன் வருகின்றன, ஏன் வராமல் விடுகின்றன? சட்டம், நீதிமன்றம், கந்தோர் என்று மூன்றைச் சொல்லப்போகிறேன். 1993இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற டக்ளஸ் நோர்த் இவற்றையெல்லாம் ஆட்டத்தின் விதிகள் என்றார். எங்கள் அப்பாச்சி அதை வேறு விதமாகச் சொல்லுவா: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. விதி தெரியாத ஆட்டத்தில் எதை வைத்து அளப்பது?

முதலில் சட்டம். 1978இல் வெளிநாட்டு முதலீட்டை இழுக்கப் பெருங்கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவை அமைத்தோம், கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தோம். முதலீட்டு ஒப்பந்தங்களுக்கு அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரையிலேயே காப்பு எழுதினோம். கடுதாசியில் குறையே இல்லை. ஆனால் 1983 ஆடிக் கலவரம் வந்தது. இங்கே ஆலை போட இருந்த மோட்டோரோலா பின்வாங்கியது. 1987 ஜனவரியில் மட்டக்களப்பில், படை நடவடிக்கையின்போது ஹொங்கொங் கம்பனியொன்று பங்கு போட்டிருந்த இறால் பண்ணை அழிந்தது. ஹொங்கொங் அப்போது பிரித்தானியாவின் கையில் இருந்ததால், அந்தக் கம்பனி பிரித்தானிய-இலங்கை முதலீட்டு ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு, முதலீட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் ICSID என்ற சர்வதேச நடுவர் மன்றம் போனது. 1990இல் 4,60,000 டொலர் நட்டஈடு தீர்ப்பானது. முதலீட்டு ஒப்பந்தமொன்றை வைத்து அந்த மன்றம் தந்த முதல் தீர்ப்பு அதுதான். உலகச் சட்ட மாணவர்கள் நம் இறாலைப் படிக்கிறார்கள்!

நீதிமன்றம் பற்றி ஐயா முன்னால் நான் பேசுவது அழகல்ல, பிறகு பார்ப்போம்.

கந்தோருக்கு வருகிறேன். கனடாவிலிருந்து என் மச்சான் ஒருவர், ஊரில் ஐஸ் தொழிற்சாலை போட வந்தார். கந்தோரொன்றுக்குத் தமிழில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். ஒரு மாதம் சத்தமே இல்லை. போனால், லிகிதர் லீவு. மறுபடி போனால், கோப்பு மேல்மாடியில். மேல்மாடியில் கேட்டால், கீழே. மச்சான் படியேறி இறங்கியே மெலிந்துவிட்டார், அக்கா சந்தோஷப்பட்டா. ஒருநாள் கடிதம் வந்தது, தனிச் சிங்களத்தில். தெருமுனைக் கடை முதலாளியிடம் கொண்டுபோனோம். வாசித்துவிட்டு மனுசன் சிரிக்கிறார், சொல்லமாட்டேன் என்கிறார். கடைசியில் சொன்னார்: “உங்கள் விண்ணப்பம் தமிழில் உள்ளது. வாசிக்க ஆள் இல்லை. மொழிபெயர்த்து அனுப்பவும்.” மச்சான் அடுத்த கிழமை விமானம் ஏறினார். அவரும் அளந்துதான் போட்டார், ஐயா. எங்கள் ஆற்றில் போடவில்லை, அவ்வளவுதான்.

தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். பெரிய கம்பனிக்கு வழக்கறிஞர் இருக்கிறார், மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். ஆனால் அதனோடு கூட்டுச் சேர வேண்டிய கிளிநொச்சிக்காரருக்கு, நிலம் கொடுக்க வேண்டிய அம்பாறைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? உள்ளூர் ஆள் படிவத்தோடு அல்லாடுவதை வெளிநாட்டுக்காரரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆகவே, முதலீட்டோடு தொடர்புள்ள எல்லாக் கந்தோர்களிலும் தமிழ்ப் படிவமும் அதை வாசிக்க ஓர் ஆளும் வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். வாசலில் மேசை போட்டிருக்கிறது, மூன்று மொழியிலும் இருக்கிறது. நீதியரசர் ஐயா முதல் கையெழுத்தை வைத்தால் எங்களுக்குப் பெருமை. பேனா கொண்டுவராதவர்கள் செயலாளரிடம் கேளுங்கள், தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.