உடைந்த டீப்பாட்டுக்கு யார் பொறுப்பு?

(நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டாரத்தில் ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து இந்தப் பந்தலைக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் காப்பாற்றிவரும் வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, மழையைப் பார்க்காமல் கூடலூரிலிருந்து வந்திருக்கும் வழக்கறிஞர் ஐயா அவர்களே, கோத்தகிரியிலிருந்து ஊட்டி, கூடலூர் என்று பஸ் மாறி மாறி வந்து, வந்த களைப்பு முகத்தில் தெரியாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, அங்கன்வாடிச் சகோதரிகளே, தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, மைக் செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய அன்பர்களுக்கு நன்றி. இந்தக் குளிருக்கு அது உண்மையிலேயே பயன்படுகிறது.

எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். அதில் கொஞ்சம் இப்போதே போய்விட்டது.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் சின்னது. உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறோம். நம் பிள்ளை அங்கே ஒரு பொருளை உடைத்துவிடுகிறது. யார் பொறுப்பு? மூன்று செய்தி சொல்லப்போகிறேன். ஒன்று, பெற்றவர்கள் பொறுப்பு. இரண்டு, வீட்டுக்காரர் பொறுப்பு. மூன்று, அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது. அதற்கு முன்னால், என் பேச்சைக் கேட்டவர்களுக்கெல்லாம் பழகிப்போன பழமொழி ஒன்று உண்டு. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். நீலகிரிக்காரன் இதைச் சொன்னால், பிள்ளைகளை ஊட்டியில் கொண்டுபோய் வளர்க்கச் சொல்கிறான் என்று கோயம்புத்தூர் நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தவறாகச் சொன்னால் வழக்கறிஞர் ஐயா கையைத் தூக்கலாம். 7 வயது நிறையாத குழந்தை என்ன செய்தாலும் அது குற்றமாகாது. 1860-இல் வந்த தண்டனைச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 20-ஆம் பிரிவு அதையே சொல்கிறது. நஷ்டஈடு என்று போனாலும், பெற்றவர் என்ற ஒரே காரணத்துக்காக அப்பா அம்மா தலையில் கட்டிவிட முடியாது. பார்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் பார்த்துக்கொள்ளாமல் விட்டார்களா என்பதுதான் கேள்வி. ஐயா தலையாட்டுகிறார். நல்லது. ஆனால் அத்தை வீட்டு விவகாரத்தை யார் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்? அது கல்யாண வீட்டுப் பந்தியில்தான் விசாரணைக்கு வரும்.

இப்போது ஒரு கதை. எனக்குத் தெரிந்த குடும்பத்தில் நடந்தது.

சேரம்பாடிப் பக்கம் ஓர் அக்கா. இங்கே இருக்கிற பல பேரைப் போல இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப 1964-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்தால் எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, பிறகு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை கிடைத்து மலையேறியவர்கள். அக்காவின் அம்மா வரும்போது தகரப் பெட்டிக்குள் ஒரு பீங்கான் டீப்பாட்டைத் தன் சேலையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். வெள்ளைப் பீங்கான், விளிம்பில் நீலக் கோடு. கடல் தாண்டி வந்தது, முகாமில் பெட்டியோடு உருண்டது, லயன் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் ஒழுகலுக்குத் தப்பியது. கீறல் விழவில்லை. அம்மா போன பிறகு அக்காவிடம் வந்தது. அக்கா அதை டிவி மேலே, தானே பின்னிய குரோஷே துணி விரித்து வைத்திருந்தார். அந்தக் காலத்து டிவி, தலையில் நாலு பொருள் வைக்க இடம் இருக்கும்.

தீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து கடைக்குட்டித் தம்பி வந்தான். மனைவி, மூன்று வயசு மகன். வந்து செருப்பைக் கழற்றியதும் மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள். வந்த வீட்டில் மருமகள் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே! வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். தம்பி டிவிக்கு எதிரே நாற்காலியில், மாமாவோடு சீட்டுப் பணக் கணக்கு பேசிக்கொண்டிருந்தான். டிவியில் கார்ட்டூன். அந்தக் குரோஷே துணியின் நுனி திரையில் தொங்கிப் பூனையின் தலையை மறைத்தது. பையன் பூனைக்குத் தலை எங்கே என்று பார்க்க நினைத்தான். துணியைப் பிடித்து இழுத்தான். அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து இரண்டு பெண்களும் ஓடிவந்தார்கள். டீப்பாட்டின் மூக்கு தனியாக உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பையன் தவழ்ந்து போய் அதை எடுத்துக்கொண்டு வந்து அத்தையிடம் நீட்டி, “ஒட்டு” என்றான். அழவில்லை. ஒட்டிவிடலாம் என்று நம்பினான்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அம்மாக்காரி வந்த வேகத்தில் பையன் முதுகில் ஒன்று வைத்தாள். பையன் அப்போதுதான் அழ ஆரம்பித்தான். “விடும்மா, பரவாயில்லை, சின்னப் பிள்ளைதானே” என்று அக்கா சொன்னார். என்ன குரலில் சொன்னார் என்று பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தம்பி மனைவியைப் பார்த்து, “பிள்ளையைப் பார்த்துக்க மாட்டியா?” என்றான். பையனுக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்! அவள் இருந்ததோ சுவருக்கு அந்தப் பக்கம்.

(இந்த இடத்தில் தாய்மார்கள் கைதட்டினார்கள்.)

தட்டுங்கள். ஆனால் கதை முடியவில்லை. தம்பி சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து டிவி மேல் வைத்தான். “அம்மாவுக்கு விலை போடுறியாடா?” என்றார் அக்கா. தம்பிக்கும் ரோஷம் வந்துவிட்டது. “எனக்கும் அவங்க அம்மாதான். உடைஞ்சதுல பாதி என்னுது” என்றான். எப்படிப்பட்ட வாதம் பாருங்கள்! மாமாவுக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்க வெளியே போய்விட்டார். தீபாவளிப் பலகாரம் பொட்டலம் கட்டாமலே அவர்கள் பஸ் ஏறினார்கள். ரொம்ப நாள் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா வீட்டுக்காரர் அரால்டைட் வாங்கி மூக்கை ஒட்டிவிட்டார். அந்த டீப்பாட் இப்போதும் இருக்கிறது, உள்ளே கரண்ட் பில்லும் ரேஷன் கார்டும்.

என் தீர்ப்பு இதுதான். கூட்டிக்கொண்டு வந்தவர்கள்தான் பொறுப்பு. அதிலும் அந்த நேரத்தில் பிள்ளைக்கு அருகில் இருந்தவர்தான் முதல் பொறுப்பு, அது அப்பாவாக இருந்தாலும். கடையில் கிடைக்கிற பொருளாக இருந்தால், கண்ணாடியோ செல்போனோ, அன்றைக்கே, பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே, வாங்கித் தருகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்வது வீட்டுக்காரர் உரிமை. கடையில் கிடைக்காத பொருளாக இருந்தால் பணத்தை எடுக்கக் கூடாது. “அக்கா, இதுக்கு நான் என்ன செய்யணும், சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைத் தம்பி கேட்டிருந்தால் பலகாரமாவது கிடைத்திருக்கும்.

அடிக்கிற விஷயம். மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. நம் வீடுகளில் குட்டிச் சோழர்கள் நிறைய. விருந்துக்குப் போன இடத்தில் நாலு பேர் பார்க்க நீதி வழங்குகிறார்கள். அந்த அடி பிள்ளைக்கு விழுவதில்லை, வீட்டுக்காரருக்குக் காட்டப்படுகிறது. இது எனக்குப் பிடிக்காது.

இரண்டாவது செய்தி, வீட்டுக்காரர் பொறுப்பு. பிள்ளை வருகிறது என்று தெரிந்தால் உடையும் பொருளை உயரத்தில் வையுங்கள், துணி தொங்கவிடாதீர்கள். இதை விரிவாக இன்னொரு மேடையில் பேசலாம். ஏனென்றால் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், நான் சொல்ல வந்ததே இனிமேல்தான் இருக்கிறது.

அந்தப் பையனை விடுங்கள். நம் லயன்களில் இருக்கிற பிள்ளைகளைப் பாருங்கள். ஜூன் பிறந்தால் மழை. ஆகஸ்ட் வரைக்கும் வாசலில் கால் வைக்க முடியாது. மழை விட்டால் யானை. பொழுது சாய்ந்தால் கதவைப் பூட்டித்தான் பிள்ளையை வைத்திருக்கிறோம். அதைத் தப்பென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எட்டுக்குப் பத்து அறையில் வளர்கிற பிள்ளை கண்ணாடியை, பீங்கானை எங்கே தொட்டுப் பழகும்? சொந்தக்காரர் வீட்டு ஷோகேஸில்தான்! ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் என்று சும்மாவா சொன்னார்கள்?

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே ஐம்பது பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். 1975-இல் ஐ.சி.டி.எஸ். என்கிற குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது, அதன் அங்கன்வாடியை நாம் பால்வாடி என்கிறோம். அங்கன்வாடிச் சகோதரிகள் இருக்கிற இடத்தையும் சாமானையும் வைத்துக்கொண்டு எவ்வளவு செய்கிறார்கள் என்று நான் அறிவேன். அவர்கள் மேல் இன்னும் பாரம் ஏற்றச் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. நாம் வந்த வழியில் ஒரு பழைய பிள்ளைக் காப்பகக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறதே, எந்த எஸ்டேட் என்று சொல்ல வேண்டாம், எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். கூரையில் நாலு தகடு மாற்றினால் போதும். அதைத் திறந்து ஒரு விளையாட்டு அறையாக்க வேண்டும். மரச் சாமான், புத்தகம், மண் சட்டி, பீங்கான் கோப்பைகூட வைக்கலாம். உடையட்டும். சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடியும்வரை யாராவது ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தால் போதும். சம்பளம் யார் கொடுப்பது என்று தலைமையாசிரியை அம்மா கேட்பார்கள். பேசித் தீர்க்கலாம் அம்மா, முதலில் பூட்டு திறக்கட்டும்.

ஊரார் பிள்ளையை என்று மறுபடி ஆரம்பித்தால் செயலாளர் மைக்கை வாங்கிவிடுவார். மூன்றாவது செய்தியும் பாக்கி. சரி. அந்தக் கட்டடத்தைத் திறக்கக் கேட்கிற மனு வாசலில் நூலகர் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் தோட்டத்தில் எந்த டிவிஷன், வீட்டில் ஆறு வயதுக்குள் எத்தனை பிள்ளை என்பதையும் எழுதுங்கள். ஆண்களும் வரிசையில் நில்லுங்கள், பெண்களை அனுப்பிவிட்டு டீக்கடைக்குப் போய்விட வேண்டாம். சேரம்பாடி போகிறவர்கள் முதலில் போடட்டும், அவர்களுக்குப் பஸ் ஏழரைக்கு. நன்றி, வணக்கம்.