மரச்சீனி காய்கறி இல்ல மக்களே, அது சோறு

வணக்கம் மக்களே. இன்னிக்கு தட்டுல மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைப் புளிமுளமும் (புளி ஊத்தின மத்தி மீன் குழம்பு). கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம், குழித்துறை பக்கம் இத தெரியாத வீடு கிடையாது. ஜோடி அருமையான ஜோடிதான், அளவுலதான் தப்பு நடக்கு.

கிழங்குங்கிறதால இத காய்கறிக் கணக்குல சேர்த்திராதீங்க. அவிச்ச மரச்சீனி 300 கிராம்ல மாவுச்சத்து 100 கிராம் கிட்ட வரும். புரதம் மூணு, நாலு கிராம் தேறினாலே பெருசு. கிழங்க தின்னுட்டு மேல சம்பா அரிசிச் சோறும் போட்டா, ரெண்டு நேரத்து மாவு ஒரே நேரத்துல உள்ள போகுது. சுகர் உள்ளவங்களுக்கு இங்கதான் ஏறும். கிழங்குன்னா அந்த நேரம் சோறு வேண்டாம், அவ்வளவுதான்.

அவிக்கிறதுலயும் ஒரு சங்கதி இருக்கு. வெளித்தோலு மட்டுமில்ல, உள்ள இருக்க தடிச்ச தோலையும் உரிச்சிரணும். சின்னத் துண்டா வெட்டி, பச்சைத் தண்ணில போட்டு அடுப்புல ஏத்துங்க. மூடாதீங்க. பாதி வேகும்போது தண்ணிய வடிச்சிட்டு புதுத் தண்ணி ஊத்துங்க. வெட்டின கிழங்குல சயனைடு வெளிவரும். அது தண்ணில கரைஞ்சும் ஆவியாவும் போகணும். குக்கர்ல கொஞ்சூண்டு தண்ணி விட்டு விசில் வச்சா அது எங்க போகும்? கசப்பு தெரிஞ்சா தூரப் போடுங்க, மிளகாய் சம்மந்தி தொட்டு அட்ஜஸ்ட் பண்ணாதீங்க.

இனி மீனு, புரதக் கணக்கு. உடம்பு எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேணும். 55 கிலோ ஆளுக்கு 46 கிராம் கிட்ட. தலை, குடல் போக 100 கிராம் சாளையில ஏறக்குறைய 20 கிராம் கிடைச்சிரும், ஒமேகா-3ங்கிற நல்ல கொழுப்பும் கூடவே வரும். முள்ளோட மென்னா கால்சியமும் உண்டு. பொரிச்சா எண்ணெய் குடிக்கும், நமக்கு புளிமுளம் போதும். மீன் தொடாதவங்க சிறுபயறு எடுங்க: காஞ்ச பயறு 30 கிராமுக்கு 7 கிராம் புரதம்.

ஹைதராபாத்ல இருக்க தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல சொன்ன கணக்குப்படி, 2000 கலோரிக்கு தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், எண்ணெய் 27 கிராம். நம்ம தட்டுல தோரன் (தேங்காய் போட்ட காய்ப் பொரியல்) ரெண்டு ஸ்பூன்! அத நாலு மடங்காக்குங்க, அதுல கீரையும் இருக்கட்டும். எண்ணெய் 27 கிராம்னா ஆறு டீஸ்பூன். நாலு பேர் வீட்டுக்கு மாசம் மூணரை லிட்டர். தேங்காய்த் துருவல்லயே மூணுல ஒரு பங்கு கொழுப்பு, அதனால அரைச்சு ஊத்தின குழம்புக்கு தாளிக்க ஒரு ஸ்பூன் தாராளம்.

உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். கருவாடு, பப்படம், ஊறுகாய் எல்லாம் அதுக்குள்ளதான். சாப்பிட்ட உடனே கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) குடிச்சா கீரையில உள்ள இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது, ஒரு மணி நேரம் கழியட்டும்.

கிட்னி பிரச்சினை உள்ளவங்க இந்தப் புரத அளவ எடுக்காதீங்க, உங்க டாக்டர் சொல்ற அளவுதான் உங்களுக்கு.