சீனியும் பெட்ரோலும்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒர்க் ஷாப் வைத்திருப்பவன் நான். போன ஐப்பசியில், நல்ல மழை நேரம், பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். "அண்ணே, என் பங்காளி டேங்குல சீனியப் போட்டுட்டான். இஞ்சின் போச்சு" என்றார். வீட்டுப் பங்கு வழக்கு நடக்கிறதாம். சாட்சி என்ன? டேங்க் மூடியைச் சுற்றி எறும்பு.

நம் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாதிரி வழவழக்கும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டுச் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசினார்கள். அங்கே கருப்பட்டியைக் கரைத்தது தண்ணீர். அதையே நல்லெண்ணெயில் போட்டுக் கரைத்துக் காட்டுங்கள் பார்ப்போம்! பெட்ரோலும் எண்ணெய்ச் சாதிதான். சீனியைப் போட்டால் மணல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தடய அறிவியல் பேராசிரியராக இருந்த ஜான் தார்ன்டன், 1990களில், கதிரியக்கக் கார்பன் சேர்த்த சீனியைப் பெட்ரோலில் கலந்தார். கரையாததை நீக்கிவிட்டு, மிச்சப் பெட்ரோலில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று பார்த்தார். 15 காலனில், அதாவது ஏறக்குறைய 57 லிட்டரில், ஒரு தேக்கரண்டிகூடக் கரையவில்லை.

அப்படியென்றால் சீனி போட்டால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். ஃபில்டர் அடைக்கும், வண்டி திக்கித்திக்கி நின்றுவிடும். டேங்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டரை மாற்ற வேண்டும். செலவு உண்டு, எரிச்சல் அதைவிட உண்டு. ஆனால் பாகாகிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் திண்ணைப் பேச்சு. அடியில் ஏற்கெனவே தண்ணீர் கிடந்தால் கதை வேறு. சீனி அதில் கரைந்து ஃபில்டரைத் தாண்டிப் போகலாம்.

என் அனுபவத்தில் மழைக்காலத்தில் வண்டியைப் படுக்கவைப்பது அந்தத் தண்ணீர்தான். பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். இஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியிலிருந்துதான் எடுக்கிறது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் வந்தால் எத்தனால் அதைத் தன்னோடு கலந்துகொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து கீழே இறங்கிவிடும். உள்ளே போனது ஒரு டம்ளர் என்றாலும், கீழே கிடப்பது அதைவிட அதிகமாக இருக்கும்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவசரத்தில் பங்கில் பெட்ரோலைப் பிடித்துவிட்டால், சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். அந்த பம்ப்புக்கு டீசலேதான் மசகு. பெட்ரோல் போனால் அந்த வழவழப்புப் போய் உலோகம் உலோகத்தோடு உரசும், அந்தத் தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போகும். சீனிக்குப் பயப்படுகிறவர்கள் இதற்குப் பயப்படலாம். மண்ணெண்ணெய்க் கலப்படம் என்று சந்தேகம் வந்தால், பங்கிலேயே ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு சொட்டு விட்டால் நல்ல பெட்ரோல் இரண்டொரு நிமிஷத்தில் கறை இல்லாமல் காய்ந்துவிடும்.

சரி, பள்ளத்தூர்க்காரருக்கு வருவோம். டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு அடுக்கு தெளிவாக நின்றது. ஒரு சீனிப் பரல்கூட இல்லை. டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. எறும்பு? முதல் நாள் அவரே டேங்க் மேல் அதிரசப் பையை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். பின்கட்டில், ஓட்டுத் தண்ணீர் கொட்டும் இடத்தில் என்றார். பாட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "அண்ணே, அந்த ஓடு பங்காளி பங்குலதான் வருது. அதையும் வழக்குல சேத்துரலாமா?" என்றார்.

ரப்பரை மாத்துங்க என்றேன்.

நன்றி, வணக்கம்.